இரண்டாவது குப்பி

எனக்கு ரோஜாப்பூ வாசனை ஆகாது. அரை மணி நேரம் பக்கத்தில் இருந்தால் தும்மல் பிடித்துக்கொள்ளும். பதினோரு வருடம் ரோஜாச் செடிகளைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் முதல் கேள்வியாக, ரோஜாச் சாகுபடிக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். செடியோடு எனக்குத் தொடர்பே கிடையாது. செடியின் வேரில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவோடுதான் தொடர்பு.

என் பெயர் கண்ணுசாமி. திண்டுக்கல்லில், நத்தம் சாலையில் இருக்கும் பூச்செடி ஆய்வு நிலையத்தில் நோய்ப் பிரிவின் உதவி ஆய்வாளர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, ஒரு நுண்ணோக்கி, பேகம்பூரிலிருந்து வந்து கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் தரும் ஜெய்தூன் பீவி, நான். அவ்வளவுதான். ஜெய்தூன் பீவி சொன்னதை வைத்துத்தான் இந்த விசாரணை தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அவர் மேல் கோபமில்லை. சிவப்புச் சீட்டு ஒட்டிய குப்பி அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அது என் கைப்பையில் ஏறியதை அவர் பார்த்தார். நீங்கள் கேட்டபோது சொன்னார். எங்கள் நிலையத்தில் அவ்வளவு ஒழுங்காக வேலை பார்க்கிறவர் வேறு யாரும் இல்லை.

நீங்கள் வேறு துறையிலிருந்து வந்த அதிகாரி என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஜாச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் சில சமயம் தண்டும் வேரும் சேரும் இடத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கும். முற்றினால் எலுமிச்சை அளவுக்கு வரும். ஊர்க்காரர்கள் பூச்சிக்கட்டி என்பார்கள். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, செடியில் வெட்டுக்காயம் பட்ட இடம் வழியாக வேலையைக் காட்டுகிறது. அதன் உடம்பில், பரம்பரைச் சொத்தான பெரிய இழையைத் தவிர, தனியாகச் சின்ன வளையம் ஒன்று இருக்கும். அதற்குப் பிளாஸ்மிட் என்று பெயர். அந்த வளையத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செடியின் உயிரணுவுக்குள் செருகிவிடும். அதற்குப் பிறகு அது சிரமப்பட வேண்டியதில்லை. செடியே கட்டியை வளர்த்து, கட்டிக்குள் அந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்த தீனியை ஆக்கிப் போட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்காரனையே சமையல்காரனாக்கிவிடுகிற சாமர்த்தியம். வெளிநாட்டில் அதே வளையத்திலிருந்து கெட்டதை அறுத்தெடுத்துவிட்டு, வேண்டிய குணத்தை ஏற்றிச் செடிக்குள் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். 1983இல் அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் கையிலும் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, நாம் திண்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

இந்தக் கெட்ட பாக்டீரியாவுக்கு ஒரு நல்ல பங்காளி உண்டு. ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். அதனிடமும் ஒரு வளையம் இருக்கிறது. ஆனால் அந்த வளையம் ஒரு விஷம் செய்யச் சொல்லிக் கொடுக்கிறது. கெட்டது அந்த விஷத்தைத் தன் தீனி என்று நினைத்து வாங்கிக்கொண்டு செத்துப்போகும். நடுவதற்கு முன் ரோஜாக் குச்சிகளை நல்லது கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும், கட்டி வராது. நான் ஏழு கடிதம் எழுதி, இரண்டு வருடம் காத்திருந்து, ஒரே ஒரு கண்ணாடிக் குழாயில் அதை வரவழைத்தேன். இந்த மாவட்டத்தில் அதை உயிரோடு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் ஆட்சேபணை இல்லை.

இனி ராயப்பராஜ்.

சூசையாபட்டியில் அறுபது குடும்பம். எல்லோரும் வேதக்காரர்கள், எல்லோருக்கும் ரோஜாத் தோட்டம். ஆனால் குச்சி வெட்டிப் பதியம் போட்டு நாற்று வளர்ப்பது ராயப்பராஜ் ஒருவர்தான். கைராசிக்காரர் என்று பெயர். ஊர் வழக்கப்படி, அவரிடம் நாற்று வாங்கி வைத்தவர்கள் முதல் தடவை பறிக்கிற பூவை விற்க மாட்டார்கள். ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அறுபது வீட்டுப் பூவும் சேர்ந்து ஒரே மாலையாகும். அதைச் சொரூபத்துக்குப் போடுகிற உரிமை ராயப்பராஜுக்கு. ஐம்பது வயது, உரத்த குரல், எதற்கெடுத்தாலும் நக்கல். அவர் பேசினால் கூட்டம் கூடும். எனக்கு அந்த வரம் கிடையாது.

1984 தை மாதத்தில் முதல் குப்பியை அவரிடம் கொடுத்தேன். முந்நூறு குச்சிக்கு மட்டும், ஒரு பாத்தி. மறுநாள் காலையில் தொட்டித் தண்ணீரில் கலந்து முக்கி நட வேண்டும். அப்படியே செய்வதாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை; அய்யலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அது என் தவறு என்று அன்றைய நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

கார்த்திகையில் அந்தப் பாத்தியைப் பார்வையிடக் கோயம்புத்தூரிலிருந்து மேலதிகாரி வந்தார். சாமியானா போட்டு, நூறு பேரை உட்கார வைத்து, நான் கால் மணி நேரம் பேசினேன். பிளாஸ்மிட் என்ற சொல்லை அந்த ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. பேசி முடித்ததும் ராயப்பராஜ் எழுந்து போய், என் பாத்தியில் நாலு செடி, அவருடைய பாத்தியில் நாலு செடி பிடுங்கிவந்து, மேலதிகாரிக்கு முன்னால் மேசையில் மண்ணோடு போட்டார். எட்டிலும் கட்டி இருந்தது.

"சார் குடுத்த தண்ணிக்கும் எங்க கெணத்துத் தண்ணிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லங்கய்யா. எங்க தண்ணியில அயிரை மீனாவது கெடைக்கும்," என்றார்.

மேலதிகாரிதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

ஒரு மாதத்தில் ஆய்வை மூடினார்கள். குளிர்பெட்டியைக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு 'தண்ணி சார்' என்று பெயர் வந்தது. சூசையாபட்டியில் மட்டுமில்லை, நத்தம் பஸ்ஸில் கண்டக்டர்கூட, தண்ணி சாருக்கு எடம் விடுப்பா என்பார். என் மனைவி ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எல்லோரிடமும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ராயப்பராஜை வெறுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல அவசியமில்லை. காலையில் பல் தேய்க்கும்போது அவர் குரல் காதில் கேட்கும். மேசையில் மண் விழுந்த சத்தம் கேட்கும். நன்றாக வேலை செய்ய வேண்டிய ஒன்று எப்படி வேலை செய்யாமல் போனது என்று நான் ராத்திரி பகலாக யோசித்தேன். அவர் குப்பியைத் தொட்டியில் கலக்காமலே சாக்கடையில் கொட்டியிருப்பார் என்று முடிவுக்கு வந்தேன். என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைக்க ஒரு வருடம் திட்டம் போட்டிருக்கிறார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு ஒரு வகையில் தெம்பாகவும் இருந்தது.

குளிர்பெட்டி போன பிறகும் நான் குழாய்களை விடவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதுத் தட்டில் மாற்றி மாற்றி வளர்த்தேன். 1985 மாசியில், நல்லதையும் கெட்டதையும் ஒன்றாக வளர்த்த ஒரு தட்டில், சாக வேண்டிய கெட்டது சாகாமல் இருந்தது. இது நடக்கும் என்று படித்திருக்கிறேன். பாக்டீரியாக்கள் இந்த வளையங்களை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பதைப் போலத்தான்; கொடுத்தவளுக்கும் குறையாது, வாங்கியவள் வீட்டிலும் தயிர் உறையும். நல்லது தன் வளையத்தைக் கெட்டதுக்குக் கொடுத்துவிட்டது. விஷத்தைத் தாங்கும் வித்தையும் அந்த வளையத்திலேயே இருப்பதால், இனி அந்த விஷம் கெட்டதை ஒன்றும் செய்யாது. அதாவது, எந்த மருந்தை உலகத்தில் இந்த நோய்க்கென்று வைத்திருந்தோமோ, அதற்கு அடங்காத ஒரு நோய் என் மேசையில் இருந்தது. விதிப்படி அன்றே அழித்திருக்க வேண்டும். நான் அதைத் தட்டிலிருந்து ஒரு குப்பிக்கு மாற்றி, சிவப்புச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன். ஆராய்ச்சிக்காக என்று அப்போது நினைத்தேன். ஆறு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1985 ஆவணியில், அடுத்த நடவு சமயத்தில், அதை எடுத்துக்கொண்டு சூசையாபட்டிக்குப் போனேன்.

ராயப்பராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் எதிர்பார்த்தது வேறு. நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். அன்றைக்குக் கூட்டத்தில் வாய் நீண்டுவிட்டது, சாருக்குச் சங்கடம் வரும் என்று யோசிக்கவில்லை, ஆய்வை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை என்றார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லிவிட்டாராம். நான் பரவாயில்லை என்றேன். புதுக் குப்பி கொண்டுவந்திருக்கிறேன், மறுபடி ஒரு பாத்தி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"ஒரு பாத்தி என்ன சார் ஒரு பாத்தி. இந்த வருசம் மொத்த நாத்துக்கும் ஊத்திப்புடுவோம். நான் பேசுன பேச்சுக்கு அதுதான் சரி," என்றார்.

நான் ஒரு பாத்திதான் கேட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மொத்த நாற்றுக்கும் என்பது அவராக எடுத்த முடிவு. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை பக்கத்தில் நின்று, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று எல்லாம் சரியாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் கை வெட்டிய எட்டாயிரம் குச்சிகளும் அன்று தொட்டியில் முங்கி எழுந்தன. ரோஸ்மேரி, அவருடைய மனைவி, எனக்குக் காப்பி கொடுத்தார். நல்ல காப்பி.

பிறகு நடந்ததில் பெரும்பகுதி உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. மார்கழிக்குள் நாற்றுகள் அறுபது தோட்டத்துக்கும் போய்விட்டன. முதலில் ஒன்றும் தெரியாது. இலை சிறுக்கும், தளிர் வெளுக்கும். வெயில் என்பார்கள், உரம் போதவில்லை என்பார்கள். 1986 ஜூனில் அந்தோணியாருக்கு வந்த பூ ஒரு கூடை நிறையவில்லை. நிலக்கோட்டையிலிருந்து சம்பங்கி வாங்கிவந்து சேர்த்துக் கட்டினார்கள். அதன் பிறகுதான் ஒருவர் செடியைப் பிடுங்கிப் பார்த்தார். பிடுங்கியவர் ராயப்பராஜின் தம்பி என்று நினைக்கிறேன். வேர் இருக்க வேண்டிய இடத்தில் கொத்துக்கொத்தாய்க் கட்டி. தண்டிலும் ஏறியிருந்தது.

விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். இந்த நோய் தெரிந்தவன் மாவட்டத்தில் ஒருவன்தான் என்பதால் அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடமே வந்தது. அறிக்கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வரி பொய் கிடையாது. நோய் ராயப்பராஜின் நாற்றங்காலிலிருந்து பரவியது; அவர் தொட்டி, அவர் கத்தி, அவர் கை வழியாகப் பரவியது; அந்த மண்ணில் சில வருடங்களுக்கு ரோஜா வைக்கக் கூடாது. குப்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு கிராமத்தார்கூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அது வெறும் தண்ணீர் என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். ராயப்பராஜே அதைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

பூசை முடிந்த பிறகு கோவில் வாசலில் வைத்து அறிக்கையைத் தமிழில் வாசித்தார்கள். வாசித்தது நான்தான். வேறு யாருக்கும் அந்தச் சொற்கள் வாயில் வரவில்லை. ராயப்பராஜ் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் குரல் உரக்க இருந்தது, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள், ஆனால் இருந்தது.

அறுபது தோட்டத்தையும் பிடுங்கி எரித்தார்கள். ஒரு வாரம் அந்தப் பக்கம் புகை. பாதிக் குடும்பங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கும் மில்லுக்கும் வேலை தேடித் திண்டுக்கல் வந்தன. ராயப்பராஜை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அவர் தொட்ட எதையும் வாங்குவதில்லை என்று மட்டும் ஆனது. அவர் வீட்டுக் கோழி முட்டையைக்கூட வாங்குவதில்லை.

1987 ஆகஸ்டில் அவர் என் அறைக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பேரன். இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் மேசைக்கு மேலே நீட்டினார். முப்பது வருடம் கத்தி பிடித்த கை. கட்டைவிரலுக்குக் கீழேயும் நடுவிரல் அடியிலும் காய்ப்பு காய்த்து உருண்டையாக நின்றது.

"சார், இது கத்திக் காய்ப்புன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன். இப்பப் பாத்தா செடில இருந்த மாதிரியே இருக்கு. இது மனுசருக்கும் ஒட்டுமா சார்? புள்ளையத் தூக்கலாமா?"

அது காய்ப்புதான். அந்தப் பாக்டீரியா மனிதனை ஒன்றும் செய்யாது. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பையனுக்கும் தெரியும். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அவர் கையைப் பார்த்தேன். நிதானமாக, ஒவ்வொரு காய்ப்பாகப் பார்த்தேன். ஒரு வினாடி, சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மேசையில் மண் விழுந்த சத்தம் கேட்டது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றேன்.

இதிலும் பொய் இல்லை. என்னால் அப்போது சொல்ல முடியவில்லை.

அவர் பேரனைத் தூக்கவில்லை. வீட்டுக்குள்ளும் படுக்கவில்லை, மோட்டார் அறையில் படுத்துக்கொண்டார். சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளிப் போகச் சொல்வாராம். தினம் நாலு தடவை சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவியிருக்கிறார். புரட்டாசியில் ஒரு நாள், செடியில் கட்டியை அறுக்கிற கத்தியாலேயே கையிலிருந்த காய்ப்புகளை அறுத்து எடுத்துவிட்டு, ரத்தம் நிற்க ஒரு பிடி மண்ணை அள்ளி அப்பியிருக்கிறார். எட்டு நாள் கழித்து வாய் கட்டிக்கொண்டது. முதுகு வில்லாக வளைந்தது. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். வெளிச்சமும் சத்தமும் ஆகாது என்று இருட்டறையில் போட்டிருந்தார்கள். தாடை இறுகியிருந்ததால் பேச முடியாது. கண் மட்டும் என்னைத் தெரிந்துகொண்டது. கட்டுப்போட்ட இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட முயன்றார், சேரவில்லை. மறுநாள் இறந்துவிட்டார். ரணஜன்னி உண்டாக்குகிறதும் மண்ணில் இருக்கும் பாக்டீரியாதான். அதன் விஷமும் ஒரு பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்புதான் கண்டுபிடித்தார்கள். அடக்கத்தன்று அதை யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். புரிந்துகொள்கிற ஆள் ஒருவரும் இல்லை.

உங்கள் கேள்விகளில் ஏழாவது கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் எழுதவில்லை. முதல் குப்பி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ராயப்பராஜ் சாக்கடையில் கொட்டிவிட்டார் என்று நம்பினேன் என மேலே எழுதியிருக்கிறேன். அப்படி நம்பியது உண்மை. 1985 ஆடி மாதம் வரைக்கும் நம்பினேன்.

ஆடியில் ஒரு நாள் காலை ரோஸ்மேரி என் அறைக்கு வந்தார். புருஷனுக்குத் தெரியாமல், ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஜெய்தூன் பீவியை வெளியே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உட்காராமல் அழுதார். முதல் குப்பி வீட்டுக்கு வந்த அன்று நான் அதைக் கிருமி என்று சொல்லியிருக்கிறேன், நல்ல கிருமி என்று. நல்ல என்பது அவர் காதில் ஏறவில்லை. அவருடைய மூத்த பையன் நாலு வயதில் வாந்திபேதியில் போனவன். தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தால் பிழைத்திருப்பான், கிருமி என்றாலே கொதிக்க வைத்துத்தான் கொல்ல வேண்டும் என்று சுகாதார நர்ஸ் அப்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் யாரும் குடித்ததில்லை.

"அவரு கைய விடப்போற தொட்டியாச்சேன்னு பயந்துட்டேன் சார். விடியக்காலையில எந்திரிச்சு, குப்பில இருந்தத மூணு கொதி கொதிக்க விட்டு, ஆத்தி, திரும்ப அதுலயே ஊத்தி வச்சுட்டேன். அவருக்கு இது தெரியாது. அன்னைக்குக் கூட்டத்துல உங்களப் பாத்துச் சிரிச்சாக பாருங்க, அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. எம் புத்தியால உங்களுக்கு அவமானம். என்னைய மன்னிச்சிருங்க சார். அவருகிட்டச் சொல்லிராதீங்க."

நான் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். மன்னித்துவிட்டதாகவும் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனப்பாரம் இறங்கியவராகப் பஸ் ஏறப் போனார்.

ஆக, ஆடி மாதத்திலேயே எனக்குத் தெரியும். ராயப்பராஜ் ஏமாற்றவில்லை. குப்பியில் இருந்தது செத்துப்போயிருந்தது, அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். நான் அன்றே கோயம்புத்தூருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் ஆய்வைத் திரும்பத் தொடங்கியிருப்பார்கள். எழுத உட்கார்ந்தேன். விவசாயியின் மனைவி பாக்டீரியாவைக் காய்ச்சிவிட்டார் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு எப்படிச் சிரிப்பார் என்று தெரிந்தது. தண்ணி சார் போய் வெந்நீர் சார் ஆகியிருப்பேன். தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்று வாரம் கழித்துச் சிவப்புச் சீட்டுக் குப்பியைப் பையில் வைத்தேன். அதிலிருந்த சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய வெள்ளைச் சீட்டு ஒட்டினேன்.

காப்பி கொடுத்தார் என்று எழுதினேன் அல்லவா, அதற்கு முன்னால் நடந்தது இது. ராயப்பராஜ் தொட்டியை நிரப்பக் கிணற்றுப் பக்கம் போயிருந்தார். நான் குப்பியோடு சமையலறை வாசலில் நின்றேன். அடுப்பில் பெரிய சட்டி இருந்தது. தண்ணீர் கொதி வரும் பதத்தில் இருந்தது. ரோஸ்மேரி குப்பியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பிறகு புருஷன் காதில் விழாத குரலில் என்னிடம் கேட்டார்.

"சார், போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது. நீங்க சொல்றதத்தான் கேப்பேன். இந்தத் தடவ இத நான் காய்ச்சணுமா, வேணாமா?"

காய்ச்சச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் குப்பியில் இருந்தது அத்தனையும் செத்திருக்கும். மறுபடியும் வேலை செய்யாத தண்ணீர், மறுபடியும் ஒரு சிரிப்பு. அதற்கு மேல் எதுவும் இல்லை. ராயப்பராஜ் இன்றைக்குப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தோணியார் கோவில் வாசலில் என்னை நக்கல் பண்ணிக்கொண்டிருப்பார். இதெல்லாம் அந்த வாசலில் நின்றபோதே எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"வேணாம்மா," என்றேன். "அது உயிரோட இருக்கணும்."